நேற்று மிலுகினான்

இன்னிக்கு ஓடுறான், நேத்து? என்று கேட்டேன். ஓடினான் என்றார். சரி, அடுத்தது. இன்னிக்குப் பேசுறான், நேத்து? பேசினான். சரி, அடுத்தது. பதில் சரியானாலும் தப்பானாலும் இந்த இரண்டு வார்த்தைகளை ஒரே குரலில் சொல்ல வேண்டும், புருவம்கூட அசையக் கூடாது, அசைந்தால் நோயாளி அதைப் பிடித்துக்கொண்டு பதிலை மாற்றுவார், அப்புறம் அது பரிசோதனையே இல்லை. பேச்சுச் சிகிச்சை படித்த காலத்தில் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திரு என்பார்கள். இத்தனை வருடம் உட்கார்ந்துவிட்டேன். பக்கவாதம் வந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள், எல்லோர் முன்னாலும் பிள்ளையார்தான். இன்றைக்குத்தான் முகம் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது, வாயின் இடது ஓரம் தன்பாட்டில் மேலே போகிறது, பென்சிலை வைத்து அழுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேராசிரியர் இரத்தினசபாபதி. மொழியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார், நீலம் தான் எழுதுவதற்கு, சிவப்பு அடுத்தவர் எழுதியதை அடிப்பதற்கு. இன்றைக்கு அந்தப் பையில் ஒரு கைக்குட்டையும் பிரித்துப் பாதி தின்ற மிட்டாயும் இருக்கின்றன. பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கிறார். அதை நான் சொல்லப் போவதில்லை. கதவோரம் ஸ்டூலில் அவர் மனைவி சௌந்தரம் அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூட வருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்த அறையின் சட்டம், சொன்னேன், தலையாட்டினார். இன்னிக்குப் பாடுறான், நேத்து? பாடினான். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமுகிறது, கேன்டீனில் வடை போடும் வாசனை வருகிறது, எனக்குப் பசிக்கிறது, நன்றாகப் பசிக்கிறது.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே வந்ததும் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன், கும்பிட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மனதுக்குள் எத்தனையோ முறை அவன் இவன் என்று பேசியிருக்கிறேன், நேரில் பார்த்தால் அவர் என்றுதான் வருகிறது, அதுவும் ஒரு ஆத்திரம். அந்தம்மாளுக்கும் என்னைத் தெரிந்ததாகத் தெரியவில்லை, டாக்டரம்மா என்று கூப்பிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோரும் டாக்டரம்மாதான். நான் டாக்டரம்மா இல்லை. ஆய்வு முடித்து நான் டாக்டர் ஆகாமல் போனதற்கு அவருடைய கணவர்தான் காரணம், அதை எத்தனை பேரிடம்தான் சொல்வது, சொன்னால் பாவம் என்பார்கள், அப்புறம் அவரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையை எடுத்துக் காட்டுவார்கள். அவரிடம் ஆய்வு செய்தபோது ஒல்லியாக இருந்தேன், இரட்டைச் சடை, தென்காசிப் பேச்சு. இப்போது தலை நரைத்து, உடம்பு ஊதி, கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி போட்ட மாதிரி இருக்கிறேன், யாருக்குத் தெரியும். போன வாரம் நரம்பியல் டாக்டரிடமிருந்து பெயர் வந்தது, மறதி அதிகமாகிறது, மொழி எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கவும். தெரிந்தவர் என்றால் வேறொருவரிடம் மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் முறை. நான் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் உளுந்தம் களி கிண்டிச் சாப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க நல்ல தூக்கம். பரிசோதனைக்கு வரும்முன் இவர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே, தேறிவிடவும் கூடாதே என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன், வேண்டிக்கொண்டது மனதில் படவே கொஞ்ச நேரமானது, பட்ட பிறகும் வாபஸ் வாங்கவில்லை. இன்னிக்குத் தேடுறான், நேத்து? தேடினான். அவர் நன்றாகத்தான் செய்கிறார். செய்யட்டும், இந்தப் பகுதியில் செய்வார் என்று எனக்குத் தெரியும், இது செய்துகொள்கிற சொல்.

செய்துகொள்கிற சொல், சேர்த்துவைத்திருக்கிற சொல். இரண்டே பெட்டி. இவ்வளவுதான் என் ஆய்வேடு, இதை நானூறு பக்கத்தில் எழுதினேன். ஓடு, பேசு, பாடு மாதிரியான வினைகளை யாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில்லை, விதி கையில் இருக்கிறது, வேண்டும்போது நேற்றையதைச் செய்துகொள்ளலாம், இதுவரை காதால் கேட்டிராத வினைக்கும் செய்துகொள்ளலாம். ஆனால் நிற்கிறவன் நின்றான், கேட்கிறவன் கேட்டான், வருகிறவன் வந்தான், சாகிறவன் செத்தான், இவையெல்லாம் உடம்பையே மாற்றிக்கொள்கின்றன, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தலைக்குள் போட்டு வைத்திருக்க வேண்டும். இது தமிழின் குணம் மட்டுமில்லை. ஆங்கிலத்தில் கோ என்பது வென்ட் ஆகிறது, முகச்சாடைகூட ஒட்டவில்லை. அரபியில் ஒரு புத்தகம் கிதாப், பல புத்தகம் குதுப், மாற்றம் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது. ஜெர்மனில் பன்மைக்கு எத்தனையோ வழி, ஆனால் புதுச்சொல் ஒன்று வந்து இறங்கினால் அகராதியில் கொஞ்சம் சொற்களே வைத்திருக்கிற எஸ் என்னும் ஒரு சின்ன ஒட்டு ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. எந்த மொழியில் பார்த்தாலும் விதிக்கு அடங்காமல் நிற்பவை பெரும்பாலும் அன்றாடம் புழங்கும் சொற்கள்தான். வருவது, போவது, தருவது, தின்பது, சாவது. தினமும் வாயில் வருவதால் மறப்பதில்லை, மறக்காததால் விதி அவற்றைப் பிடித்துத் திருத்த வழியில்லை. அப்படியானால் நினைவு கெட்டுப்போகிற மனிதனுக்கு ஒரு பெட்டி காலியாகும், மற்றது தப்பிக்கும், பெரிய ஆள் குழந்தை மாதிரி பேசுவான் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். குழந்தை என்றால் என் அக்கா மகன் அகிலன். மூன்று வயதில், நான் அங்கனயேதான் நிக்கினேன் சித்தி என்பான், அடித்தாலும் நின்னேன் என்று வராது. அவனைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். தமிழ்ல விதிவிலக்குன்னு ஒண்ணு கிடையாதும்மா என்பார் இவர். ஒவ்வொரு தடவையும். நீ விதியைத் தேடல, போய்த் தேடு. மேடைகளில் அதைச் சொல்லித்தான் கைதட்டு வாங்கினார், விதிவிலக்கு இல்லாத ஒரே மொழி என்பார், ஜனங்கள் விசிலடிப்பார்கள், நான் பின்வரிசையில் அவருடைய ஃப்ளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நெறியாளர் என்ற முறையில் இவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை யாரும் வாங்கமாட்டார்கள். மூன்று வருடம் அந்தக் கையெழுத்துக்கு நடந்தேன். காஸ் சிலிண்டருக்குப் பதிந்து கொடுத்தேன், அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவர் தூங்கி எழும்வரை வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆய்வுப் பதிவுக் காலம் முடிந்துபோனது, பேச்சுச் சிகிச்சை படிக்கப் போய்விட்டேன். அப்புறம் சில வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் இதையே பேச ஆரம்பித்தபோது, இவரும் ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று இரண்டு பெட்டி என்று ஆரம்பித்தாராம். என் பேரன் சொல்கிறான், நான் அங்கே நிக்கினேன் என்று, அதைக் கேட்ட அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது என்றாராம். அப்போது அவர் மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் அகிலனைப் பேரனாக்கிக்கொண்டார். ஆய்வேட்டைத் திருடியதைக்கூட ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போனதை மன்னிக்க மாட்டேன்.

இரண்டாம் பகுதி. பக்கத்தைத் திருப்பினேன், பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது. இன்னிக்கு நிக்கிறான், நேத்து? அவர் வாயைத் திறந்து மூடினார். கண் கூரைக்குப் போனது, ஃபேனில் சிக்கியது, இறங்கி வந்தது. நிக்கினான் என்றார். சரி, அடுத்தது. என் குரல் மாறவில்லை, அதற்காக எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். நிக்கினான். அகிலா, கேட்டியாடா, உன் தாத்தா சொல்றதை. இன்னிக்குக் கேக்கிறான், நேத்து? கேக்கினான். இன்னிக்கு வர்றான், நேத்து? வர்றினான் என்று சொல்லி, உடனே தலையை ஆட்டி, இல்லை இல்லை, வரினான் என்று திருத்திக்கொண்டார். திருத்திக்கொண்டார், தப்பிலிருந்து தப்புக்கு. எனக்கு வயிறு குளிர்ந்தது. எத்தனை அத்தியாயத்தில் சிவப்பு மை ஓடவிட்ட வாய் இது. இன்னிக்குத் திங்கிறான், நேத்து? திங்கினான். இன்னிக்குத் தர்றான், நேத்து? தரினான். இங்கே நிறுத்த வேண்டும். தொடர்ந்து ஐந்து தப்பானால் அந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும் என்பது முறை, நோயாளியை வதைக்கக் கூடாது என்பதற்காக வைத்த முறை, நானே இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நிறுத்தவில்லை. முழுப் பட்டியலும் எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன், ஆராய்ச்சிக்கு வேண்டும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் நெற்றியில் வேர்க்கத் தொடங்கியிருந்தது, அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்னிக்கு அழுவுறான், நேத்து? அழுவினான். இன்னிக்கு விழுறான், நேத்து? விழுவினான். இன்னிக்குச் சாகுறான், நேத்து? இதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பதில் கிட்டத்தில் எங்கோ இருக்கிறது, கைக்கு எட்டவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, அப்படித் தெரிகிற நோயாளிக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க என் நாக்கு பழக்கத்தில் துடிக்கும், இன்றைக்குத் துடிக்கவில்லை. சாகினான் என்றார் கடைசியில், மெதுவாக, இது தப்பு என்று தெரிந்த குரலில்.

தெரிந்த குரலில். அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு தெரிகிறதென்றால் இன்னும் என்னவெல்லாம் தெரியும். எல்லாம் நடிப்போ, உள்ளே வந்ததும் என்னைக் கண்டுகொண்டு, இவள் வாயால் என்னவெல்லாம் வருகிறது பார்க்கலாம் என்று கூத்துக் காட்டுகிறாரோ என்று ஒரு நொடி சந்தேகப்பட்டேன். இல்லை, அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். நடிப்பில்லை. அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. இரண்டு பெட்டி என்று முதலில் சொன்னது நான்தான் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், எனக்கும் இவருக்கும். ஆய்வேட்டின் பிரதியைக்கூட ஆத்திரத்தில் ஒரு நாள் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். அகிலன் துபாயில் இருக்கிறான், அவனுக்குத் தான் எப்படிப் பேசினோம் என்பதே தெரியாது. ஒரு நாள், எப்போதாவது ஒரு நாள், யாராவது கேட்கும்போது, அந்தப் பொண்ணுதான் முதல்ல சொன்னா என்று இவர் வாயிலிருந்து வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது, நம்புகிறேன் என்பதே தெரியாமல். அந்த வாய்தான் இப்போது சாகினான் என்கிறது. நான் எதிரில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டிருக்க, என்னுடைய ஒரே சாட்சி என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருக்கிறது. நானும் பத்திரமில்லை. நேற்று மளிகைக் கடையில் நின்று, ரசத்துக்குப் போடுவோமே, பொடிசா, பழுப்பா என்று கையைக் காட்டினேன், கடைக்காரர் சீரகமாக்கா என்றார். சிரித்தேன். ராத்திரி சீரகம் சீரகம் என்று சொல்லிக்கொண்டே படுத்தேன். எனக்கும் இது வந்துவிட்டால், இரண்டு தலையும் காலியாகிவிட்டால், அப்புறம் அது நடந்ததே இல்லை என்றாகிவிடும். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவைத்த மாதிரி. சௌந்தரம் அம்மாள் ஸ்டூலில் அசைந்து உட்கார்ந்தார், நான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் கணவரைப் பார்க்கவில்லை, என் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மூன்றாம் பகுதி. இது ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் கிடையாது, நான் சேர்த்தது, இவருக்காகவே சேர்த்தது. தமிழில் இல்லாத வினைகள். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் உட்கார்ந்து உருட்டி உருட்டிச் செய்தேன். மிலுகு, நொசுவு, தெப்புளு, கரணு. எவனும் சொல்லாத சொல்லுக்கு நினைவில் இடமே இல்லை, அதற்கு நேற்றையதைச் சொல்ல வேண்டுமென்றால் விதி ஒன்றே வழி. சேர்த்துவைத்த சொற்களையெல்லாம் தொலைத்துவிட்ட மனிதர், இல்லாத சொல்லுக்கு மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், ஒரு பெட்டி காலி, ஒரு பெட்டி பத்திரம், யாராலும் மறுக்க முடியாது. இல்லாவிட்டால் இது வெறும் கிழவரின் மறதி, அதை எழுத ஒரு காகிதம்கூடத் தண்டம். நான் எழுதப்போகும் கட்டுரையின் முதல் வரிகூட மனதில் தயார். நோயாளி ஆண், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், மொழியியல் பேராசிரியராக இருந்தவர், விதிவிலக்குகள் இல்லை என்னும் கொள்கையால் அறியப்பட்டவர். பெயர் போடமாட்டேன், போட வேண்டாம், இந்தத் துறையில் இருக்கிற நாலு பேருக்கும் விளங்கும். பெயர் என்னுடையதுதான் இருக்கும், மேலே, தனியாக. கட்டுரைக்கு அனுமதியும் வாங்கியாயிற்று, வெளியே வைத்துக் கேட்டதற்கு அந்தம்மாள், எழுதிக்கோங்க டாக்டரம்மா, அவரு பேச்சு யாருக்காவது பயன்படட்டும் என்று உடனே சொல்லிவிட்டார். இவர் என்னுடையதை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார், நான் இவருடைய தலையையே எடுத்து என் பெயரில் போட்டுக்கொள்ளப் போகிறேன், கணக்குச் சரியாகிவிடும். இன்னிக்கு மிலுகுறான், நேத்து? என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அப்படி ஒரு வினை தமிழ்ல இல்லையே என்றார்.

சும்மா சொல்லுங்க சார் என்றேன். சார் என்று வந்துவிட்டது, அதையும் கவனித்தேன். இல்லாத சொல்தான், விளையாட்டு மாதிரி, இன்னிக்கு மிலுகுறான், நேத்து என்ன பண்ணினான்? இல்லாததுக்கு எப்படிம்மா நேத்து வரும் என்றார். குரல் மாறிவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது, துறைத் தலைவரின் அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் நிமிருமே அந்த மாதிரி. நொசுவு கேட்டேன், இல்லை என்றார். தெப்புளு, இல்லை. கரணு என்றதும் சிரித்தார், யாரு உனக்கு இதெல்லாம் குடுத்தது என்று கேட்டார். பெண்டாட்டி பேர் சில நாள் வருவதில்லையாம், சாப்பிட்டோமா என்பது ஞாபகமில்லையாம், நின்றான் என்று ஒரு வார்த்தை வரவில்லை, ஆனால் என் சொல்லை மறுப்பதற்கு மட்டும் தலைக்குள் ஒரு இடம் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை. மிலுகினான். குழந்தை சொல்லும். நீ சொல்லேண்டா, சொல்லித் தொலையேன், உன் காலில் விழுந்து கெஞ்சினது போதாதா, இப்பவுமா. அந்தக் காலத்து அழுகை அப்படியே பத்திரமாக இருந்தது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிற வீம்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிலுகினான் என்றுதான் சொல்லியிருப்பார், வேறு எப்படியும் சொல்ல வழியில்லை, என் கொள்கை சரியென்றால் அப்படித்தான், என் கொள்கை சரி. அறையில் வேறு யாரும் எழுதவில்லை, ஒலிப்பதிவு இல்லை. பென்சில் தாளில் நகர்ந்தது, மிலுகினான் என்று எழுதி முடித்த பிறகுதான் நான் எழுதியதைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிப்பதில் அவர் கெட்டிக்காரர், எங்கள் குறிப்புகளை எல்லாம் அப்படித்தான் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே படிப்பார்.

“என்ன எழுதுற? நான் அதைச் சொல்லலியே” என்றார்.

திருடின ஆள், நானூறு பக்கத்தையும் மூன்று வயதுப் பையனையும் தூக்கிக்கொண்டு போன ஆள், ஒரு வார்த்தையோடு என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்ததா, வெறி வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. பிள்ளையார் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“நீங்களும்தான் சார். நான் சொன்னதை எல்லாம் நீங்க சொன்னதா எழுதிக்கிட்டீங்க.”

“எப்போ?” என்றார்.

அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். மழை எப்போ பெய்தது என்று கேட்பதுபோல. கண்ணில் ஒரு கள்ளமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது, பதிலுக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் காத்திருப்பும் போய்விட்டது, கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தேன். அவர் முகம் கறுக்கும், தலை குனியும், நாலு பேர் முன்னால் நாக்குக் குழறும் என்று. வெட்கப்படுவதற்கும் ஞாபகம் வேண்டுமே, அதை நான் யோசிக்கவே இல்லை. நான் தண்டிக்க வந்த ஆள் எனக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார், நாற்காலியில் சட்டைதான் உட்கார்ந்திருக்கிறது, தப்பான துளையில் பட்டன் போட்டுக்கொண்டு. ரப்பரை எடுத்து மிலுகினானை அழித்தேன். இவரைப் போல நானும் ஒருத்தி என்று ஆவதற்கு இத்தனை வருடம் வயிறெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலு வினைக்கும் எதிரே பதில் இல்லை, பதில் இல்லை என்று எழுதினேன். கட்டுரை போய்விட்டது.

“அவருக்கு ஞாபகம் இல்லம்மா. எனக்கு இருக்கு” என்றது கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். “எல்லாம் இருக்கு, குழல்வாய்மொழி.”

என் முழுப் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிறது, இங்கே எல்லோருக்கும் நான் மொழி மேடம். சௌந்தரம் அம்மாள் எழுந்து வரவில்லை, ஸ்டூலில் இருந்தபடியேதான் பேசினார். அந்தக் கட்டுரையைக் கருத்தரங்குக்குப் போகும் முன்னால் கணவர் வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தாராம். இது அந்தத் தென்காசிப் பொண்ணு எழுதினதுதானே என்று இந்தம்மாள் கேட்டாராம். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு பறந்து வந்ததாம். அதற்கப்புறம் கேட்கவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் மொழிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார்களாம், நான் இங்கே இருக்கிறேன் என்று கேள்விப்பட்டுத்தான் இங்கே கூட்டி வந்தாராம். எனக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றியதாம். சொல்லும்போது அவர் கை கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடியது. எழுதும்மா, நல்லா எழுது, நானும் நாப்பத்தெட்டு வருஷம் இந்தாளோட இருந்துட்டேன் என்றார். இதற்கு நான் குளிர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு தலையில் அது பத்திரமாக இருந்திருக்கிறது. நான் குளிரவில்லை. தெரிந்திருந்தும் இத்தனை காலம் இந்தம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். பேரும் ஊரும் தெரியும், ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஆத்திரம் எங்கே போவது என்று தெரியாமல் அறையைச் சுற்றிவந்து இப்போது ஸ்டூலின் மேல் போய் உட்கார்ந்தது. அந்தத் தட்டும் என் கண்ணில் வந்துகொண்டேதான் இருந்தது, சோறு சிதறிய தரையை அன்றைக்கு யார் துடைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, எதுவும் எதையும் குறைக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன், என் பேனாவையும் எடுத்து அதன் மேல் வைத்து அவரிடம் நீட்டினேன்.

“நான் எழுத ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்குத்தானே தெரியும். அந்தக் கருத்தரங்குக் கட்டுரை யார் எழுதினதுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

தாளை வாங்கினார். கைப்பையை மேடையாக வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். அவர் கணவர் மேஜையிலிருந்து திரும்பி, வீட்டுக்குப் போலாமா என்று கேட்டார், குழந்தை கேட்பது மாதிரி இல்லை, அதிகாரமாகத்தான் கேட்டார். பேனா நின்றுவிட்டது. இவ்வளவு கரைந்த பிறகும் அந்தக் குரலுக்கு அந்தக் கை நிற்கிறது. மூடியைத் திரும்பப் போட்டு, தாளை மடக்காமல் அப்படியே என் மேஜையில் வைத்தார்.

“அவரு இருக்கறவரைக்கும் என்னால முடியாதும்மா. அப்புறம் கண்டிப்பா போட்டுத் தர்றேன்” என்றார்.

சரி என்றேன். அவர் போய்க் கணவரைக் கைத்தாங்கலாக எழுப்பினார், சட்டைப் பட்டனைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டார், மாத்திரை எப்போது கொடுப்பது என்று கேட்டார், டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். வாசல்வரை போனேன். பேராசிரியர் மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் காலில் பலம் இருந்தது, இதயமும் இரத்த அழுத்தமும் நன்றாக இருப்பதாகக் கோப்பில் படித்திருந்தேன், இன்னும் பத்து வருடம்கூட இருப்பார். இங்கிருந்து போகிற ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரிடமும் இந்த வாசலில் நின்று, நல்லா பாத்துக்கோங்க என்று சொல்லித்தான் அனுப்புவேன். அந்தம்மாள் அதற்காகவே திரும்பிப் பார்த்து நின்றார். நான் சொல்லவில்லை.